பட்டம், சிறப்பு, மதிப்பு: தில்லிப் பல்கலைக்கழகப் பட்டப் பெயர்களின் வரலாறும் தமிழாக்கமும்

1. முன்னுரை

பல்கலைக்கழகப் பட்டமளிப்பின்போது மாணவர் பெறும் சிறப்புகளைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் பல. டிகிரி, ஹானர்ஸ், டிஸ்டிங்ஷன், டிவிஷன், ஹானரரி டிகிரி, மெடல் என்பன அவற்றுள் முதன்மையானவை. இவற்றைத் தமிழில் பெயர்ப்போர் பட்டம், சிறப்பு, மதிப்புறு, கௌரவ என்னும் நான்கைந்து சொற்களைக் கொண்டே அமைதி காண்கின்றனர். இதனால் நேரும் குழப்பம் சிறிதன்று. தில்லியில் மூன்றாண்டு பயின்று தேர்வெழுதிப் பெற்ற பி.ஏ. (ஹானர்ஸ்) பட்டத்தை ‘மதிப்புறு இளங்கலை’ என்றோ ‘கௌரவ இளங்கலை’ என்றோ பெயர்த்தால், உழைத்துப் பெற்ற பட்டம் தேர்வின்றி அளிக்கப்பட்ட பட்டமாகத் தோன்றும். சான்றிதழின் தமிழாக்கத்தை மட்டுமே காணும் அலுவலர் அப்பட்டத்தை ஏற்க மறுக்கவும் கூடும். ஒரு சொல்லின் பிழை ஒருவரது வேலைவாய்ப்பைத் தொடும் இடம் இது.

இச்சிக்கலை அகராதியைக் கொண்டு மட்டும் தீர்க்க இயலாது. ஹானர்ஸ் என்னும் சொல் தில்லியில் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பொருள் மாறி வந்துள்ளது. பட்டம் என்னும் தமிழ்ச் சொல்லோ அதனினும் நெடிய மாற்றங்களுக்கு உட்பட்டது. இவ்விரு வரலாறுகளையும் இணைத்து நோக்கி, மொழிபெயர்ப்பாளர் காக்க வேண்டிய அடிப்படை வேறுபாடு, தேர்ந்து பெறுவதற்கும் அளிக்கப்பெறுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பட்டம்: சொல்லும் பொருளும்

பட்டம் என்பது நெற்றியில் அணியும் பொற்றகட்டைக் குறித்த சொல். சிறப்பின் அடையாளமாக அத்தகட்டைக் கட்டும் வழக்கம் இருந்தமையால், அணிகலனின் பெயர் அது குறித்த தகுதிக்கு ஆகி வந்தது. பட்டங்கட்டுதல் என்பது முடிசூட்டலையும், பட்டத்தரசி, பட்டத்து யானை என்பன அரச உரிமையையும் குறித்தன. பின்னர் அரசன் அளித்த சிறப்புப் பெயரும் பட்டம் எனப்பட்டது. பதவி, உரிமை, சிறப்புப் பெயர் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுள் அடங்கின.

அரசன் சிறப்புப் பெயர் வழங்கும் மரபு தமிழகத்தில் மிகத் தொன்மையானது. தொல்காப்பியம் மன்னனால் பெறும் சிறப்பை மாராயம் என்னும் சொல்லால் சுட்டுகிறது. ஏனாதி, காவிதி, எட்டி என்னும் பெயர்கள் முறையே படைத்தலைவர்க்கும் வேளாண் மாந்தர்க்கும் வணிகர்க்கும் வேந்தர் அளித்த சிறப்புகளாக உரையாசிரியர்களால் விளக்கப்படுகின்றன. ஏனாதிக்கு மோதிரமும், காவிதிக்கும் எட்டிக்கும் பூவும் அடையாளமாயின. சோழர் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய தச்சர் தலைவருக்கு இராசராசன் பெயரால் அமைந்த பெருந்தச்சன் என்னும் சிறப்புப் பெயர் இருந்தமை கல்வெட்டால் அறியப்படுகிறது.

இப்பெயர்கள் அனைத்திலும் பொதுவாகக் காணப்படுவது ஒன்று. தகுதி பெறுபவனிடம் இருப்பினும், பெயர் அளிப்பவனிடமிருந்தே வருகிறது. தேர்வு விதியோ மதிப்பெண்ணோ கிடையாது. அளிப்பவன் அளித்தால் உண்டு, இன்றேல் இல்லை. பட்டம் என்னும் சொல் பல்கலைக்கழகத்திற்குள் வரும்போது இப்பொருட்சுமையுடனேயே வந்தது.

கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857இல் நிறுவப்பெற்றன. இம்மூன்றும் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதையே தம் முதற்பணியாகக் கருதின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையும் ஒருவர். பிற்காலத்தில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்த அவர், அரசினர் வழங்கிய ராவ்பகதூர் என்னும் சிறப்பையும் பெற்றார். அவர் தேர்வெழுதிப் பெற்ற பி.ஏ.யும் பட்டம்; அரசு அளித்த ராவ்பகதூரும் பட்டம். ஆங்கிலத்தில் டிகிரி, டைட்டில் என இருவேறு சொற்களால் குறிக்கப்படும் இரண்டும் தமிழில் ஒரே பெயர் பெற்றன.

இச்சொல்லின் உறவுச் சொற்களும் இங்கு நோக்கத்தக்கன. பட்டா நில உரிமை ஆவணம். அதனை உடையவர் பட்டாதாரர். பட்டம் பெற்றவர் பட்டதாரி. முன்னதன் ஈறு பாரசீகத்திலிருந்தும் பின்னதன் ஈறு வடமொழியிலிருந்தும் வந்தவை. பட்டயம் என்னும் சொல் செப்பேட்டைக் குறித்துப் பின்னர் டிப்ளமோவுக்கு ஆயிற்று. டிப்ளமோ என்னும் கிரேக்கச் சொல்லும் மடிக்கப்பெற்ற ஆவணத்தையே முதலில் குறித்தது. ஆதலின் இவ்வாக்கம் பொருந்துவதாகும். டிகிரி என்பதோ படி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. ஆங்கிலச் சொல் ஏறிச் சென்ற படியைக் காட்ட, தமிழ்ச் சொல் நெற்றியில் கட்டப்பெற்ற தகட்டைக் காட்டுகிறது. ஒன்று பெறுபவரின் செயலையும் மற்றது அளிப்பவரின் செயலையும் அடிப்படையாகக் கொண்டவை.

3. தேர்வுப் பெயராக மாறிய சிறப்புப் பெயர்கள்

அளிக்கப்பெற்ற பெயர் தேர்ந்து பெறும் பெயராக மாறுவது தமிழ்க் கல்வி வரலாற்றில் புதியதன்று. மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குரிய மகாவித்துவான் என்னும் பெயர் திருவாவடுதுறை ஆதீனம் அளித்த சிறப்பு. அதன் உறுப்பாகிய வித்துவான் என்னும் சொல் 20ஆம் நூற்றாண்டில் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வொன்றின் பெயராயிற்று. 1901இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிநிலைகளில் தேர்வு நடத்தியது. புலவர் என்னும் பெயரும் இவ்வாறே தேர்வுத் தகுதியாக அமைந்தது. முன்னாளில் சான்றோர் அவை ஏற்றுக்கொண்டதால் ஒருவர் புலவரானார். பின்னாளில் தேர்வுத்தாள் திருத்தப்பட்டதால் ஆனார்.

இம்மாற்றத்தின் இரு முனைகளையும் உ. வே. சாமிநாதையர் வரலாற்றில் ஒருங்கே காணலாம். 1906இல் அவர் அரசினரின் மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்றார். 1925இல் தாட்சிணாத்திய கலாநிதி என்னும் பெயர் அவருக்குக் காஞ்சி காமகோடி பீடத்தால் வழங்கப்பெற்றது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டி.லிட். பட்டம் அளித்துச் சிறப்பித்தது. முதலாவது அரசு அளித்தது. இரண்டாவது சமய பீடம் அளித்தது. மூன்றாவது பல்கலைக்கழகம் தேர்வின்றி அளித்தது. மூன்றையும் தமிழ் பட்டம் என்றே கூறும். இரண்டாவதில் உள்ள கலாநிதி என்னும் சொல்லோ இன்று இலங்கையில் ஆய்வேடு அளித்துப் பெறும் முனைவர் பட்டத்தின் பெயராக வழங்குகிறது.

தில்லியிலும் இதற்கு இணையான நிலை இருந்தது. விக்டோரியா அரசியாரின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழாவையொட்டி வடமொழி அறிஞர்க்கென மகாமகோபாத்தியாயப் பெயரும், அரபு, பாரசீக அறிஞர்க்கென ‘அறிஞர்களின் ஞாயிறு’ எனப் பொருள்படும் ஷம்சுல் உலமா என்னும் பெயரும் ஏற்படுத்தப்பட்டன. பழைய தில்லிக் கல்லூரியில் பயின்ற நசீர் அகமதுவும் சகாவுல்லாவும் பின்னதைப் பெற்றவர்கள். அவ்விருவரும் உருது உரைநடைக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆற்றிய தொண்டு பெரிது. அவர்களது கல்வித் தகுதி கல்லூரியிலிருந்தும், சிறப்புப் பெயர் அரசிலிருந்தும் வந்தன. கல்விச் சிறப்பு எது, அரச சிறப்பு எது என்னும் வேறுபாடு குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. அதனை வரையறுக்க வேண்டிய தேவை விடுதலைக்குப் பின்னரே எழுந்தது.

4. அரசியலமைப்பில் ‘டைட்டிலும்’ கல்விச் சிறப்பும்

ராவ்பகதூர், திவான்பகதூர், ராய்சாகிப் முதலிய பெயர்கள் ஆட்சிக்கு இணங்கியோரைச் சிறப்பிக்கும் கருவியாகப் பயன்பட்டமையால் அவற்றை ஒழிப்பது விடுதலை இயக்கத்தாரின் கொள்கையாயிற்று. தில்லியில் கூடிய அரசியலமைப்பு அவையின் முன்வைக்கப்பெற்ற வரைவின் 12ஆம் பிரிவு, அரசு எவ்வகை டைட்டிலும் வழங்கலாகாது என விதித்தது. 1948ஆம் ஆண்டின் இறுதியில் இப்பிரிவு விவாதிக்கப்பட்டபோது, படைத்துறைச் சிறப்பையும் கல்விச் சிறப்பையும் இத்தடையிலிருந்து விலக்கும் திருத்தத்தைச் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி முன்மொழிந்தார். அத்திருத்தம் ஏற்கப்பெற்றது. இன்றைய 18ஆம் பிரிவின் முதற்கூறு அவ்வடிவிலேயே உள்ளது.

இத்திருத்தத்தின் இன்றியமையாமை வெளிப்படை. பல்கலைக்கழகங்கள் சட்டத்தால் நிறுவப்பெற்று அரசுப் பொருளால் இயங்குபவை. விலக்கு இல்லாதிருப்பின், அவை வழங்கும் சிறப்புகளும் அரசு வழங்கும் டைட்டில்களே என வாதிட இடமிருந்திருக்கும்.

தமிழாக்கத்தில் இப்பிரிவு தனிச் சிக்கலைத் தோற்றுவிக்கிறது. டைட்டில் என்பதைப் பட்டம் எனப் பெயர்த்தால், ‘கல்விப் பட்டமல்லாத பட்டம் எதனையும் அரசு வழங்கலாகாது’ என்றொரு தொடர் அமையும். விலக்கும் விலக்கப்படுவதும் ஒரே சொல்லால் குறிக்கப்பெற்று, இரண்டும் ஒரே இனத்தவை என்னும் எண்ணம் தோன்றும். ஆங்கில மூலம் டிகிரி என்னாமல் அதனினும் விரிந்த டிஸ்டிங்ஷன் என்னும் சொல்லை ஆள்வதும் கருதத்தக்கது. பட்டம், பட்டயம், பதக்கம், மதிப்புறு பட்டம் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். ஆதலின் டைட்டிலை விருதுப்பெயர் எனவும், அகடமிக் டிஸ்டிங்ஷனைக் கல்விச் சிறப்பு எனவும் கொள்வதே பொருட்டெளிவு தரும்.

விருதுப்பெயர் என்னும் ஆக்கத்திற்குப் பிற்காலத் தீர்ப்பொன்றும் துணை நிற்கிறது. 1954இல் தொடங்கப்பெற்ற பாரத ரத்னா, பத்ம விருதுகள் 18ஆம் பிரிவுக்கு முரணானவை என்னும் வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் அவை அப்பிரிவு தடுக்கும் டைட்டில்கள் அல்ல எனத் தீர்ப்பளித்தது. எனினும் அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்த்து வழங்கலாகாது என்றும் கூறியது. விருது வேறு, விருதைப் பெயராகத் தரித்தல் வேறு என்பது இதனால் தெளிவாகிறது. இதற்கு மாறாக, கல்விச் சிறப்பைப் பெயரொடு சேர்த்து எழுதுவது வழக்காறாகவே உள்ளது.

5. தில்லிப் பல்கலைக்கழகமும் ஹானர்ஸும்

தில்லிப் பல்கலைக்கழகம் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது. தூய ஸ்டீபன் கல்லூரி (1881), இந்துக் கல்லூரி (1899), ராம்ஜாஸ் கல்லூரி (1917) ஆகிய மூன்றும் அதன் தொடக்கக் கல்லூரிகள். அதற்கு முன் தில்லி மாணவர்கள் இலாகூரிலிருந்த பஞ்சாபுப் பல்கலைக்கழகத்தின் பட்டங்களையே பெற்று வந்தனர். முதல் துணைவேந்தர் ஹரிசிங் கௌர் சட்ட அறிஞர்.

இச்சட்டம் பல்கலைக்கழகத்தின் அதிகாரங்களை வரிசைப்படுத்தும் முறை மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் பயன்படும். கற்றுத் தேர்வெழுதியவர்க்குப் பட்டங்களும் பிற கல்விச் சிறப்புகளும் வழங்குவதை ஓர் அதிகாரமாகவும், ஏற்கப்பெற்ற சான்றோர்க்கு மதிப்புறு பட்டங்களோ பிற சிறப்புகளோ வழங்குவதைத் தனியான மற்றோர் அதிகாரமாகவும் அது கூறுகிறது. தேர்ந்து பெறுவதும் அளிக்கப்பெறுவதும் சட்டத்தின் நோக்கில் இருவேறு செயல்கள். ஹானர்ஸ் முதல்வகையைச் சார்ந்தது. ஹானரரி இரண்டாம் வகையைச் சார்ந்தது. இரு சொற்களும் ஒரே வேரினவாயினும் பல்கலைக்கழக வழக்கில் தம்முள் முரணானவை.

ஹானர்ஸ் என்பதன் தொடக்கம் இங்கிலாந்தைச் சார்ந்தது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் 1800ஆம் ஆண்டுத் தேர்வு விதியால் பொதுத் தேர்ச்சியினும் மேம்பட்ட மாணவரைப் பிரித்துக் காட்ட முற்பட்டது. கேம்பிரிட்ஜ் அதற்கு முன்னரே கணிதத் தேர்வில் தரவரிசை வெளியிட்டு வந்தது. அங்கு முதல் வகுப்பில் தேறியோர் ராங்களர் எனப்பட்டனர். 1899இல் அத்தேர்வில் முதலிடம் பெற்ற ர. பு. பராஞ்சபேயின் பெயரொடு அச்சொல் இந்தியாவில் நிலைத்தது. இங்கெல்லாம் ஹானர்ஸ் என்பது தேர்வின் முடிவில் தெரியவரும் மேன்மை. பலர் எழுதினர், சிலர் சிறந்தனர், அச்சிலரின் சிறப்புக்கு ஹானர்ஸ் என்று பெயர்.

இந்தியாவிற்கு வந்த பின்னர் இது இருவகையாக வழங்கியது. சில பல்கலைக்கழகங்களில் பொதுப்பாடங்களோடு ஒரு பாடத்தில் கூடுதல் தாள்கள் எழுதித் தேறுவதே ஹானர்ஸ். வேறு சிலவற்றில் அது தொடக்கம் முதலே தனிப்பட்ட பாடத்திட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய பி.ஏ. (ஹானர்ஸ்) பின்னதற்கு எடுத்துக்காட்டு. அதில் தேறியோர் மீண்டும் தேர்வெழுதாமலே எம்.ஏ. பட்டத்திற்கு உரியராயினர். ஆகவே தமிழ்நாட்டு முதியோர் நினைவில் ஹானர்ஸ் என்பது ஏறத்தாழ முதுகலைக்கு நிகரான தகுதி. தில்லி ஹானர்ஸ் அத்தகையதன்று. இவ்வேறுபாட்டை உணராத தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் தில்லிச் சான்றிதழை மிகைப்படுத்திப் பெயர்க்க நேரும்.

தில்லியில் மாற்றம் விரைவுபட்டது மாரிஸ் குவையர் துணைவேந்தராக விளங்கிய காலத்தில் (1938–1950). 1943இல் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு இங்குப் புகுத்தப்பெற்றது. 1948–49இல் ஆய்வு செய்த இராதாகிருஷ்ணன் குழு நாடு முழுமைக்கும் பரிந்துரைத்த முறையைத் தில்லி முன்னரே மேற்கொண்டிருந்தது. இம்முறை வேரூன்றியபோது பி.ஏ. (பாஸ்), பி.ஏ. (ஹானர்ஸ்) என இரு தனிவழிகள் நிலைபெற்றன. முன்னதில் பல பாடங்கள் சமநிலையில் கற்பிக்கப்பட்டன; பின்னதில் ஒரு பாடம் ஆழ்ந்து கற்பிக்கப்பட்டது. காலம் இரண்டிற்கும் ஒன்றே.

இதன் விளைவாக ஹானர்ஸ் என்னும் சொல்லின் பொருள் அடியோடு மாறியது. ஹானர்ஸ் வழியில் சேர்ந்தவர் மூன்றாம் வகுப்பில் தேறினும் அவரது பட்டம் ஹானர்ஸ் பட்டமே. பாஸ் வழியில் சேர்ந்தவர் முதல் வகுப்பில் தேறினும் அவர்க்கு அச்சொல் கிட்டாது. தேர்வின் முடிவில் வெளிப்பட்ட சிறப்பு சேர்க்கையின் தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்படுவதாயிற்று. பள்ளியிறுதி மதிப்பெண்ணே அதற்கு அளவுகோல். 2011இல் தில்லி ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி பி.காம். (ஹானர்ஸ்) படிப்பில் சேர விரும்பிய, பள்ளியில் வணிகவியல் பயிலாத மாணவர்க்கு 100 விழுக்காடு மதிப்பெண்ணைத் தகுதியாக அறிவித்தமை நாடெங்கும் பேசப்பட்டது. 2022இல் பொது நுழைவுத்தேர்வு வந்தபோது அளவுகோல் மாறியது. சிறப்பு வாயிலிலேயே தீர்மானமாகும் நிலை மாறவில்லை.

பாஸ் என்னும் சொல்லும் இதனால் இழிவு எய்தியது. தேர்ச்சி என்னும் நற்பொருளுடைய அச்சொல், எதிர்ச்சொல்லாக நின்ற ஹானர்ஸின் உயர்வால் ‘வெறும் தேர்ச்சி’ என்னும் பொருளைப் பெற்றது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பி.ஏ. (பாஸ்) என்பது பி.ஏ. (புரோகிராம்) எனப் பெயர் மாற்றப்பட்டது. சொல் இழிபொருள் எய்த, அமைப்பு புதுச்சொல் நாடுவது மொழியியலார் நன்கறிந்த நிகழ்வே.

ஹானர்ஸ் பாடத்திட்டத்தின் பெயராகிவிட்டமையால், உண்மையான மேன்மையைக் காட்டும் பணி வேறு சொற்களிடம் சென்றது. முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்னும் வகுப்புகளும், டிஸ்டிங்ஷனும், முதலிடம் பெற்றோர்க்குரிய தங்கப் பதக்கமும் அப்பணியை ஆற்றின. 2015க்குப் பின்னர் விருப்பத்தேர்வுத் தரமுறை நடைமுறைக்கு வந்தபோது, பத்துப் புள்ளி அளவுகோலில் அமைந்த தரப்புள்ளிச் சராசரி வகுப்புகளின் இடத்தைப் பெற்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வழங்கும் இலத்தீன் புகழ்மொழிகள் தில்லியில் இடம்பெறவில்லை. அங்குச் சொல் ஆற்றும் பணியை இங்கு எண் ஆற்றுகிறது.

6. காலத்தின் பெயராகும் ஹானர்ஸ்

2013இல் தில்லிப் பல்கலைக்கழகம் நான்காண்டு இளநிலைத் திட்டத்தைத் தொடங்கியது. ஈராண்டில் விலகுவோர்க்கும் மூவாண்டில் விலகுவோர்க்கும் தனித்தனிப் பெயருடைய தகுதிகளும், நான்காண்டு முடிப்போர்க்கு ஹானர்ஸும் உரியன என்பது அதன் அமைப்பு. ஆசிரியர், மாணவர் எதிர்ப்பும் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆணையும் சேர, 2014 ஜூனில் அது கைவிடப்பட்டது. மானியக் குழுவின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் 22ஆம் பிரிவில், பட்டம் வழங்கும் உரிமையுடையவை எவை என்பதையும், அரசிதழில் குறிப்பிடப்பெறும் பெயர்களே பட்டம் எனக் கொள்ளப்படும் என்பதையும் வரையறுத்துள்ளது. பட்டத்தின் பெயரைப் பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி ஆக்கிக்கொள்ள இயலாது. மொழிபெயர்ப்பாளரும் தம் விருப்பப்படி மாற்றலாகாது.

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து 2022இல் தில்லியில் புதிய பாடத்திட்டக் கட்டமைப்பு நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒரே முதன்மைப் பாடம் பயில்வோர் மூன்றாண்டில் 132 தகுதிப்புள்ளிகளுடன் ஹானர்ஸ் பட்டம் பெறலாம். நான்காண்டில் 176 புள்ளிகளுடன் முடிப்போர் பட்டத்தில் ஹானர்ஸுடன் ஆராய்ச்சி, கல்விச் செயல்திட்டம், தொழில்முனைவு என்பவற்றுள் ஒன்று இணைத்துக் குறிக்கப்படும். அதே ஆண்டு டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட கட்டமைப்போ, மூன்றாண்டில் 120 புள்ளிகளுடன் இளநிலைப் பட்டமும், நான்காண்டில் 160 புள்ளிகளுடன் ஹானர்ஸும் எனப் பகுக்கிறது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்று ஆய்வை மேற்கொள்வோர்க்கு ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸ் உரியது. தில்லியில் 2022இல் சேர்ந்தோர்க்கு நான்காம் ஆண்டு 2025இல் தொடங்கியது.

ஆக, ஒரே சொல் தில்லியில் ஒரு பாடத்தில் ஆழ்ந்த படிப்பையும், மானியக் குழுவின் கட்டமைப்பில் நான்காம் ஆண்டு நிறைவையும் குறிக்கிறது. மேன்மையின் பெயர் பாடத்திட்டத்தின் பெயராகி, இன்று காலத்தின் பெயராகவும் ஆகிக்கொண்டிருக்கிறது. எனவே ஹானர்ஸைத் தமிழாக்குவோர் பட்டம் பெற்ற ஆண்டையும் பல்கலைக்கழகத்தையும் நோக்காது சொல்லைத் தெரிவு செய்தல் இயலாது.

7. விழாவும் பட்டமும்

பட்டம் வழங்கும் நிகழ்ச்சிக்குத் தில்லியில் வழங்கும் பெயர்களும் ஒப்பு நோக்கத்தக்கன. கான்வொகேஷன் என்னும் ஆங்கிலச் சொல் அவை கூட்டப்பெறுதலைக் குறிக்கிறது. இந்தியில் வழங்கும் தீட்சாந்த் என்பது தீட்சையின் முடிவு. பட்டதாரியைக் குறிக்கும் ஸ்நாதக் என்னும் இந்திச் சொல் குருகுல வாழ்வின் நிறைவில் நீராடியவன் எனப் பொருள்படும். உருதுவில் சனதுகளைப் பகிர்ந்தளிக்கும் கூட்டம் என்னும் பொருளில் ஜல்ஸா தக்ஸீமெ அஸ்னாத் என்பர். சனது என்னும் அச்சொல்லே தமிழில் சன்னது என வழங்கியது. மதரசாக்களில் கல்வி நிறைவில் தலைப்பாகை கட்டும் தஸ்தார்பந்தி என்னும் சடங்கும் உண்டு. தலையில் கட்டுவதால் தகுதி அறிவித்தல் என்னும் வகையில் அது நம் பட்டங்கட்டுதலுக்கும் கோயில்களின் பரிவட்டத்திற்கும் நெருங்கியது.

தமிழின் பட்டமளிப்பு விழா அளிப்பவரின் செயலை முன்னிறுத்துகிறது. ஆயின் அளிப்பு விழாவைச் சார்ந்ததா? ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகம் இவ்வினாவிற்கு விடை தருகிறது. 1969இல் செயற்படத் தொடங்கிய அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டமளிப்பு விழா 1972இல் நடைபெற்றது. திரைக்கலைஞர் பல்ராஜ் சஹானி அதில் உரையாற்றினார். இரண்டாம் விழா 2018இல்தான் நடைபெற்றது. இடைப்பட்ட 46 ஆண்டுகளில் அங்குப் பயின்றோர் விழாவின்றியே பட்டம் பெற்றனர். அப்பட்டங்களின் தகுதி எவ்வகையிலும் குறையவில்லை. தேர்ந்து பெறும் பட்டத்திற்கு விழா அழகு, உயிர் அன்று. மதிப்புறு பட்டத்திற்கோ, பெறுபவரை அழைத்து, புகழுரை கூறி அளிக்கும் நிகழ்ச்சியே பெரும்பகுதி. முன்னதில் பட்டம் அளிப்பது பல்கலைக்கழகத்தின் கடமை. பின்னதில் அதன் விருப்பம்.

8. தமிழாக்கத்திற்குரிய சில முடிபுகள்

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் முடிபுகளைப் பெறலாம்.

முதலாவது, பட்டம் என்பதைத் தேர்ந்து பெறும் டிகிரிக்கே உரியதாக்கி, அரசோ அமைப்போ அளிக்கும் சிறப்புப் பெயரை விருதுப்பெயர் எனல் வேண்டும். பேச்சு வழக்கில் இரண்டும் பட்டமாகவே நீடிக்கலாம். சட்டத்திலும் சான்றிதழிலும் வேறுபாடு இன்றியமையாதது.

இரண்டாவது, ஹானரரி டிகிரியை மதிப்புறு பட்டம் என்பது தகும். கௌரவ என்னும் அடை இதற்கு ஏற்றதன்று. கௌரவச் செயலாளர் என்பதில் அது ஊதியமின்மையைக் குறிக்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளரோ தொகுப்பூதியம் பெறுபவர். இத்துணைப் பொருள் ஏற்ற சொல்லால் பட்டத்தின் இயல்பைத் துல்லியமாகக் காட்ட இயலாது.

மூன்றாவது, ஹானர்ஸைக் குறிக்க மதிப்புறு, கௌரவ என்னும் அடைகளை எவ்விடத்தும் ஆளலாகாது. இலங்கைத் தமிழ் வழக்கு இங்கு வழிகாட்டும். அங்குப் பொதுப் பட்டம், சிறப்புப் பட்டம் என்னும் பகுப்பு நெடுங்காலமாக உள்ளது. கலைமாணி, சிறப்புக் கலைமாணி என்னும் பெயர்கள் அதனின்று எழுந்தவை. இந்தியிலும் ‘விசேஷ்’ என்னும் பெயர் ஹானர்ஸுக்கு உண்டு. அது பாடத்தின் சிறப்புநிலையைச் சுட்டுவது. பீகாரில் வழங்கும் ‘பிரதிஷ்டா’ பெருமையைச் சுட்டுவது. தில்லிப் பட்டத்தின் உண்மைப் பொருளுக்கு முன்னதே நெருங்கியது. எனவே பி.ஏ. (ஹானர்ஸ்) தமிழ் என்பதைத் தமிழ்ச் சிறப்பு இளங்கலை எனலாம்.

நான்காவது, டிஸ்டிங்ஷன் என்பதற்கும் சிறப்பு என்றே எழுதுவது பெருவழக்கு. ஹானர்ஸைச் சிறப்பு என்றால் இதனை வேறுபடுத்தல் வேண்டும். மதிப்பெண்ணால் பெறும் டிஸ்டிங்ஷனை மேதகு தேர்ச்சி எனலாம். மேதகு என்பது ஆளுநர் முதலியோர்க்குரிய அடையாகவும் வழங்குவதால் அதனை விரும்பாதார் உயர்தரத் தேர்ச்சி எனக் கொள்க. சட்டங்களில் பொதுப்பெயராக வருங்கால் கல்விச் சிறப்பு என்பதே தக்கது.

ஐந்தாவது, சான்றிதழ்களைப் பெயர்க்கும்போது பட்டத்தின் மூலப்பெயரைத் தமிழ் எழுத்தில் தந்து, அடுத்துத் தமிழாக்கம் தருதல் நன்று. அரசிதழில் ஏற்கப்பெற்ற பெயரே சட்டப்படி பட்டமாதலின் மூலப்பெயர் மறைதல் கூடாது. பட்டம் பெற்ற ஆண்டும், படிப்பின் காலமும் உடன் குறிக்கப்படின் ஹானர்ஸ் என்பது எப்பொருளில் நிற்கிறது என்பது படிப்பவர்க்கு விளங்கும்.

9. முடிவுரை

ஏனாதி மோதிரம் முதல் தரப்புள்ளிச் சராசரி வரை, கற்றோரைச் சிறப்பிக்கும் வழிகள் மாறி வந்துள்ளன. தமிழ் இவ்வனைத்தையும் பட்டம் என்னும் ஒரு சொல்லால் தழுவிக்கொண்டது. அது மொழியின் வளமே, குறையன்று. எனினும் தேர்வு என்னும் முறை வந்த பின்னர், யார் அளித்தார் என்பதைவிட எவ்வாறு பெற்றார் என்பதே முதன்மையாயிற்று. அரசியலமைப்பின் 18ஆம் பிரிவும் தில்லிப் பல்கலைக்கழகச் சட்டமும் இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே வரையப்பட்டுள்ளன. வறிய குடும்பத்தில் பிறந்து, தன் குடியில் முதலாவதாகப் பட்டம் பெறும் மாணவர்க்கு அப்பட்டம் ஒருவர் மனமுவந்து அளித்த கொடை அன்று. அவர் ஈட்டிய உரிமை. அவரது சான்றிதழைத் தமிழாக்குவோர் தேர்ந்தெடுக்கும் சொல் அவ்வுரிமையைத் தெளிவுறக் காட்டுவதாக அமைதல் வேண்டும்.